கனவில் வந்த உத்தரவு

இராமநாதபுரச் சீமையில், கமுதியை அடுத்த அபிராமம் முதலிய உள்நாட்டூர்களிலும் அவற்றிற்குத் தெற்கே கீழக்கரை, ஏர்வாடி முதலிய கடற்கரையூர்களிலும், சைவர் இசுலாமியர் என்னும் வேறுபாடின்றி மக்கள் நாவில் பயிலும் ஒரு சொல் 'உத்தரவு' என்பது. இஃது அரசாங்கத்தார் பிறப்பிக்கும் உத்தரவன்று. உறங்குவான் ஒருவனுக்குக் கனவிலே தெய்வமோ, இறந்துபட்ட பெரியாரோ தோன்றி, 'இதனைச் செய்க' என்றாதல் 'இனி உன் ஊர்க்குச் செல்க' என்றாதல் பணிக்கும் சொல்லேயாம். கோயில் எடுத்தல், நேர்த்திக்கடன் கழித்தல், பிள்ளைக்குப் பெயரிடுதல் முதலியவற்றிற்கெல்லாம் இவ்வுத்தரவைக் காரணங் காட்டுவார் பலர். இவ்வளவில் நிற்பின் அதனை ஆராய வேண்டுவதொன்றில்லை. ஆயின், 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் நேர்ந்த தீயினால் சங்கிலியிற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் உயிரிழந்த செய்தியும் இவ்வொரு சொல்லோடு தொடர்புடையதாகலின், கனவு என்பது யாது, அது கட்டளையாவது எப்பொழுது, அக்கட்டளை யாரைக் கட்டும் என்பவற்றைச் சித்தாந்த நூல் வழியாலும் வரலாற்று வழியாலும் ஆராய்ந்து காண்டல் கடமையாகின்றது.

முதற்கண் நூல் வழக்கை நோக்குவாம் எனின், மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்திலே ஆன்மா ஐந்தவத்தைப்படும் முறைமையை நாட்டியருளினார். அவை சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்பன. நனவாகிய சாக்கிரத்தில் ஆன்மா புருவ நடுவில் நின்று 35 கருவிகளோடு தொழிற்படும். ஞானேந்திரியம் ஐந்து, கன்மேந்திரியம் ஐந்து, ஓசை முதலிய புலன் ஐந்து, வசனம் முதலிய தொழில் ஐந்து, வாயுக்கள் பத்து, அந்தக்கரணம் நான்கு, புருடன் ஒன்று என அவை 35 ஆயின. கனவாகிய சொப்பனத்திலோ இருவகை இந்திரியங்களும் ஆகிய பத்தும் நீங்கி, எஞ்சிய 25 கருவிகளோடு ஆன்மா கண்டத்தானத்தில் நிற்கும். சுழுத்தியிற் சித்தமும் பிராணவாயுவும் புருடனும் என மூன்றே உள. துரியத்திற் பிராணவாயுவும் புருடனும் என இரண்டு. துரியாதீதத்திற் புருடன் ஒன்றே.

இதனை விளக்கச் சிவஞானசித்தியார் தந்த உவமை மிக நயமுடையது. உலாப் போந்த அரசன் அரண்மனைக்கு மீளுங்கால், ஒவ்வொரு வாயிலிலும் தன் பரிசனங்களை ஒருவர்பின் ஒருவராக நிறுத்திவிட்டு உள்ளே செல்லுதல் போலும் ஆன்மா கருவிகளை விட்டு விட்டு உட்செல்லுதல் என்பது அவ்வுவமையின் கருத்து. அரசன் முதல் வாயிலைக் கடந்தபொழுது வெளியே நின்றுவிட்டவர் ஒற்றரும் ஏவலரும் ஆவர்; அமைச்சர் இன்னும் உடனுளர். அவ்வாறே கனவில் கண்டு கேட்டு உற்றறியும் பொறிகளும், நடத்தல் கொடுத்தல் முதலியன செய்யும் உறுப்புக்களும் நின்றுவிட்டன. நினைத்தலும் நிச்சயித்தலும் செய்கின்ற மனமும் புத்தியும் நிற்கவில்லை. ஆகவே கனவிலும் வழக்கு நடக்கும், தீர்ப்பும் உண்டாகும்; சாட்சி கூறுவார் மட்டும் இல்லை. கனவிற் கண்டது எவ்வளவு தெளிவாயிருப்பினும், அரசன் மீண்டும் கொலுமண்டபத்துக்கு வந்து ஒற்றரை வினவித் தெளிந்த பின்னரே அது நடைமுறைக்கு வரும் என்பது இவ்வுவமையிலிருந்து தானே பெறப்படும்.

ஈண்டு இக்காலத்து உடல்நூலார் கண்டதொன்றையும் குறிப்பிடல் தகும். அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குவாருடைய மூடிய இமைக்குள் கண்மணிகள் விரைந்து உருளும் காலம் ஒன்று இடையிடையே வருதலையும், அக்காலத்து எழுப்பப்பட்டவர் பெரும்பாலும் கனாக் கண்டதாகக் கூறுதலையும் 1953-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அக்காலத்தில் மூச்சு நடைபெறும். மூளை விழித்தாற்போல் தொழிற்படும். கைகால்களின் தசைகளோ தளர்ந்து அடங்கிக் கிடக்கும். அவ்வடக்கம் குலைந்து, கனவில் ஓடுவார் மெய்யாகவே கால்களை உதைத்தும், பொருவார் அருகிற் படுத்தாரை அடித்தும் துன்புறுகின்ற ஒரு நோயும் 1986-இல் மருத்துவரால் விவரித்துரைக்கப்பட்டது. கன்மேந்திரியங்கள் நீங்கி நிற்ப, வாயுக்களும் அந்தக்கரணங்களும் தொழிற்படும் என்னும் சித்தாந்தத்தோடு இஃது ஒத்துச் செல்வதாகத் தோன்றும். எனினும் இவ்வொப்புமை கண்டு மகிழ்தல் வேறு, இரண்டும் ஒன்றேயெனச் சாதித்தல் வேறு. தத்துவங்கள் கருவியால் அளந்தறியப்படுவன அல்ல. மூளையின் அலைகளை அளந்தாரும் ஆன்மாவை நாடினாரல்லர். புதுநூல் ஒன்று வெளிவருந்தோறும் 'இது முன்னரே எம் நூலில் உளது' என்று எழுந்து கூறுவதனால் நம் நூலுக்குப் பெருமை மிகுவதும் இல்லை.

இனி, கனவின் பயன் பற்றிய பழைய வழக்கு. மருத்துவ நூலாகிய சரக சங்கிதை இந்திரியதானத்திற் கனவை எழுவகைப்படுத்துகின்றது. கண்டது, கேட்டது, நுகர்ந்தது, விரும்பியது, புனைந்து நினைந்தது என்னும் இவற்றினின்று எழுவன ஐந்து. வரப்போவதைக் காட்டுவது ஒன்று. வாத பித்த கபங்களின் மிகுதியால் வருவது ஒன்று. இவற்றுள் முதல் ஐந்தும் பயனிலவென்று மருத்துவன் தள்ளுக என்கின்றது அந்நூல். விருப்பமே கனவாகும் என்னுங் கொள்கையை வியன்னா நகரத்துப் பிராய்டு தம் பெருநூலால் 1900-இல் உலகறியச் செய்தார். விரும்பியது கனவாதலைச் சரகரும் அறிவார். ஆயினும் எல்லாக் கனவையும் அவ்வொன்றிலேயே அடக்கினாரல்லர். தமிழிலோ பொன்னவன் இயற்றிய கனாநூல் என்பதொன்று உண்டு. முதல் யாமத்துக் கண்ட கனவு ஓராண்டிலும், இரண்டாம் யாமத்தது எட்டுத் திங்களிலும், மூன்றாம் யாமத்தது மூன்று திங்களிலும், கடையாமத்தது பத்து நாளிலும் பலிக்கும் என்பது அந்நூல் வழக்கு. யாமத்தை அளந்து பயனைக் கணக்கிடும் இத்தகைய நூல்கள் கனவைக் குறியாகக் கொண்டனவே யன்றிக் கட்டளையாகக் கொண்டனவல்ல. 'இது வரும்' என்று கூறுவதற்கும் 'இது செய்' என்று பணிப்பதற்கும் உள்ள வேற்றுமை பெரிது.

சிலப்பதிகாரக் கனவுகளும் அத்தன்மையனவே. கனாத்திறம் உரைத்த காதையிற் கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தேவந்திக்குக் கூற, அவள் கடலொடு காவிரி கலக்கும் இடத்துள்ள இரு குளங்களில் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவனைப் பெறலாம் என்றாள். கண்ணகியோ அது தன் பெருமைக்கு ஒவ்வாதென மறுத்துவிட்டாள். கண்டது தீயது, பின்னர் அவ்வாறே நிகழ்ந்ததும் உண்மை, ஆயினும் கனவு அவளை ஒன்றுஞ் செய்யுமாறு ஏவிற்றில்லை, அவளும் அதற்கு அடிமைப்பட்டாளில்லை. கோவலன் கனவும் பாண்டிமாதேவி கனவும் அங்ஙனமே, வருவதனை நிழல்போற் காட்டி ஒழிந்தன.

தெய்வம் கனவில் வந்து பணிக்கும் செய்திகள் மிக்குள்ள நூல் பெரியபுராணமே. திலகவதியார், நமிநந்தியடிகள், புகழ்த்துணையார், கூற்றுவர், பூசலார், திருநீலகண்டத்து யாழ்ப்பாணர், கண்ணப்பர், ஆளுடைய நம்பிகள் என இவர்தம் வரலாறுகளிலெல்லாம் கனவு வருகின்றது. கனவை நம்புவார் இவற்றை எடுத்துக்காட்டுதலும் உண்டு. ஆதலின் சேக்கிழார் அக்கனவுகளை எவ்வாறு அமைத்தார் என்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். மேலோடு படிப்பார்க்குத் தோன்றாத ஒரு நெறி அவற்றுள் ஓடுகின்றது.

காளத்தியில் நாள்தோறும் தம் பூசைக்கு முன் ஊன் கிடத்தலைக் கண்டு உளம் வெதும்பிய சிவகோசரியார்க்கு இறைவர் கனவிலே தோன்றி, வேடனுடைய அன்பின் பெற்றியை எடுத்துரைத்தருளினார். உரைத்ததோடு அமைந்தாரோ எனின், இல்லை. மறுநாள் வந்து மறைந்திருந்து நீயே காண்பாயாக என்றும் பணித்தார். சொல்வார் இறைவரே ஆயினும், கேட்பவன் கண்ணாற் கண்டே தெளிதல் வேண்டும் என்பது குறிப்பு. நமிநந்தியடிகள் வரலாறும் இவ்வாறே. திருவிழாக் கூட்டத்தில் எல்லாச் சாதியாரோடும் நெருங்கினமையால் தூய்மை செய்துகொண்டே மனைபுக வேண்டும் என்று எண்ணிப் புறத்தே துயின்றவர்க்கு, ஆரூரிற் பிறந்தாரெல்லாரும் நம் கணங்களே, அதனை நீ காண்பாய் என்று கனவில் அருளிச்செய்யப்பட்டது. அடிகள் மறுநாள் ஆரூர் சென்று அவ்வாறே கண்டார். கண்ட பின்னரே தம் பிழை பொறுக்க வேண்டினார். இரண்டிடத்தும் கனவே நனவைச் சான்றாக அழைக்கின்றது!

பூசலார் வரலாறு இன்னும் சிறந்தது. காஞ்சியில் கற்றளி எடுத்து நாளைக் குடமுழுக்கு என்றிருந்த காடவர் கோமானுக்கு இறைவர் கனவில் தோன்றி, நின்றவூரிற் பூசல் என்பான் எடுத்த ஆலயத்துள் நாளை புகுவேம், நீ பிறிதொருநாட் கொள்க என்று அருளினார். அரசன் செய்தது யாது? கனவை நம்பிக் குடமுழுக்கை நிறுத்தினான். அத்துடன் நின்றவூர்க்குத் தானே சென்றான். பூசலார் எடுத்த கோயில் எங்கே என வினவினான். அப்படி ஒரு கோயில் இல்லை என்றனர் ஊரார். அதனாலும் அமையாது பூசலாரையே வருவித்துக் கேட்டான். மனத்தால் எடுத்த கோயில் என்பது அப்பொழுது வெளிப்பட்டது. கனவு, வினவல், முரண்பட்ட சாட்சி, நேரில் உசாவல், தெளிவு என இது முறையான வழக்காராய்ச்சியே யாம். இக்கற்றளி காஞ்சிக் கயிலாசநாதர் கோயில் என்றும், அரசன் கி.பி. 700-ஐ ஒட்டி வாழ்ந்த இராசசிம்ம பல்லவன் என்றும் வரலாற்றாசிரியர் கொள்வர். அக்கோயிற் கல்வெட்டொன்று, கலியுகத்தும் இவ்வரசன் அசரீரி வாக்கைக் கேட்டான் என்று புகழ்கின்றது. கல்வெட்டிற் குரலாக இருந்தது, நானூறு ஆண்டிற்கு மேற்பட்ட பின் சேக்கிழார் வாக்கிற் கனவாகவும், அக்கனவுக்குரிய விசாரணையாகவும் விரிந்து நிற்றல் நோக்கத்தக்கது.

இன்னும் ஒன்று. கனவின் உத்தரவு யார்க்கு வருகின்றது? யாழ்ப்பாணர் மதுரையிற் கோயில் வாயிலில் நின்று பாடினார். அவரை உள்ளே கொணர்க என்னும் கட்டளை அவர்க்கு வந்ததன்று. உட்புக விடும் உரிமையுடைய தொண்டர்க்கு வந்தது. முடிசூட்ட மறுக்கப்பட்ட கூற்றுவநாயனார்க்கோ, இறைவர் திருவடியே முடியாகக் கனவிற் சூட்டப்பட்டது. அவர் அதனைத் தாம் கொண்டு மகிழ்ந்தாரேயன்றி, அதனைக் காட்டித் தில்லைவாழந்தணரை வற்புறுத்தினாரில்லை. பஞ்சத்தாற் பசித்துத் தளர்ந்து, திருமஞ்சனக் குடத்தை இறைவர் முடிமேல் தவறவிட்டு மயங்கிய புகழ்த்துணையார்க்குக் கனவிற் கிடைத்த சொல், நாள்தோறும் ஒரு காசு பெறுவாய் என்பது. விழித்தபொழுது பீடத்தின் கீழே காசு இருந்தது. இவ்வாறு, கனவுக் கட்டளையின் சுமை கதவைத் திறக்க வல்லார்மேல் விழுகின்றது; எளியார்க்கு அது சோறும் வாயிலும் ஆகின்றது. நந்தனார் வரலாற்றில் அக்கட்டளை அவர்க்கும் தில்லைவாழந்தணர்க்கும் ஒருங்கே வந்தது என்பது உண்மை. அங்கே வளர்க்கப்பட்ட தீயைக் குறித்து இக்காலத்தார் எழுப்பும் வினாக்கள் தனித்து ஆராயத்தக்கன. ஒரு வரியில் விடை கூறிப் போக்குதல் நேர்மையன்று.

கனவைச் சோதித்துக் கொள்ளும் வழக்கம் புராணத்தோடு ஒழிந்துபோயிற்று என்று எண்ணற்க. கொங்குநாட்டுக் காங்கேயத்தை அடுத்த சிவன்மலை முருகன் கோயிலில் 'ஆண்டவன் உத்தரவுப் பெட்டி' என ஒரு கண்ணாடிப் பேழை உண்டு. அடியார் ஒருவர் கனவில் ஆண்டவன் இன்ன பொருளை அதில் வைக்க என்று பணித்தால், அவர் வந்து கோயிலாரிடம் கூறுவார். கோயிலார் அச்சொல்லை அப்படியே ஏற்பதில்லை. சந்நிதியிற் பூப்போட்டுக் கேட்பர். வெள்ளைப்பூ வந்தாலன்றி அப்பொருள் பெட்டிக்குட் செல்லாது. வைத்த பொருளைக் கொண்டு நாட்டுக்கு இன்னது நேரும் என்று பொருள் கூறுவார் பலர். நிகழ்ந்த பின்னர்ப் பொருத்திக் காட்டுதல் எவர்க்கும் எளிதாகலின் அவ்வுரைகளுக்கு மதிப்பு அவ்வளவே. ஈண்டு வேண்டுவது, ஒருவர் கனவு பொதுவில் நடைபெறுதற்கு முன் மற்றொரு சோதனை வைத்த அவ்வூராரின் எச்சரிக்கையே. கனவு கண்டவர் பெறும் சிறப்பும் சிறிது. வைக்கும் பொருளும் ஒரு படி அரிசியோ ஒரு பிடி மண்ணோ போன்றது. பிறர் ஒருவர்க்கும் அதனாற் கேடில்லை.

கட்டளை பெறாது பெற்றதாகச் சொல்லுதலின் கேட்டை உணர்த்தும் செய்தியும் இராமநாதபுரக் கடற்கரையிலேயே உண்டு. பாம்பனில் வாழ்ந்து குமரகுருதாசர் எனப் பெயர் பெற்ற பாம்பன் சுவாமிகள், 1891-இற் சண்முக கவசம் அருளியவர். அக்காலத்துத் துறவு மேற்கொள்ளப் பழனி செல்ல விழைந்து, அதனை அன்பர் ஒருவரிடம் கூறியபோது, அவர் இது முருகப்பெருமான் ஆணையோ என வினவினார். சுவாமிகள் ஆமென விடையிறுத்தார், ஆணையோ பெற்றிலர். பின்னர் முருகன் முகத்திற் சினக்குறி தோன்ற விரல் அசைத்து வெளிப்பட்டு, தான் அழைக்குங்காறும் பழனிக்கு வரலாகாது என விலக்கியதாக அவர் வரலாறு கூறும். அழைப்பு வரவில்லை. 1894-இற் பிரப்பன்வலசையில் மயானத்தருகே குழியிலிருந்து கடுந்தவம் இயற்றியவர், எத்தனையோ தலங்களை வணங்கியவர், 1929-இல் சென்னையிற் சமாதியடையும் வரை பழனியை மிதித்தாரில்லை. ஒரு சொல்லால், அதுவும் தம்மைப்பற்றியே கூறிய ஒரு சிறு பொய்யால், ஏறக்குறைய 38 ஆண்டு! தம் பிழையை மறையாது உடன்பட்டு அத்தண்டனையை ஏற்றமை அப்பெரியாரின் பெருமை. பிறரைப்பற்றி 'உத்தரவு வந்தது', 'உத்தரவு வரவில்லை' என்று கூறுவார்க்கு இவ்வரலாறு தெரிந்திருத்தல் நன்று.

இனி ஏர்வாடி. அரபு நாட்டு மதீனாவினின்று 12-ஆம் நூற்றாண்டில் வந்ததாகக் கருதப்படும் சுல்தான் சையிது இப்ராகீம் சகீது அவர்களின் அடக்கத்தலம் அங்கே உளது. சந்தனக்கூடு விழாவில் இசுலாமியரும் இந்துக்களும் ஒருங்கு திரளுவர். மனநோய், பேய்க்கோள் எனக் கருதப்பட்டவரை உறவினர் அங்கே கொணர்ந்து தங்க வைத்தலும், தீர்த்தமும் விளக்கெண்ணெயும் பெற்றுப் பயன்படுத்துதலும் நெடுநாள் வழக்கம். நோயாளி எப்பொழுது ஊர் திரும்பலாம் எனின், பெரியார் கனவில் தோன்றி விடைகொடுத்த பின்னர் என்பது நம்பிக்கை. சிலர்க்கு அது சில திங்களில் வரும். சிலர்க்கு ஆண்டுகள் செல்லும்.

இவ்வழக்கம் இசுலாமியர்க்கே உரியதென்று எண்ணுவார் உலக வரலாறு அறியாதார். கிரேக்க நாட்டு எபிடௌரசு என்னும் ஊரில் அசுக்கிலேப்பியன் என்னும் மருத்துவத் தெய்வத்தின் கோயிலிலே, நோயாளர் அதற்கெனக் கட்டிய மண்டபத்தில் இரவு துயின்று கனவில் மருந்தோ கட்டளையோ பெற்றனர். அவ்வாறு குணமுற்றாரைப் பற்றிய கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டுக்கள் அங்குக் கிடைத்துள்ளன. திருச்சிராப்பள்ளியை அடுத்த குணசீலத்துப் பெருமாள் கோயிலில் மனநோயாளர் 48 நாள் தங்கி வழிபடும் வழக்கம் உளது. இத்தகைய இடங்களில் தங்குவதால் நன்மை இல்லையென்று மருத்துவரும் கூறவில்லை. தமிழ்நாட்டு வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 நோயாளரை மனநல மருத்துவர் சிலர் ஆராய்ந்து, அவர்தம் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒருபங்கு குறைந்தன என்று 2002-இல் வெளியிட்டனர். அங்கே தனிப்பட்ட சடங்கொன்றும் இல்லை. கோயிலைப் பெருக்குதலும் செடிக்கு நீர் வார்த்தலுமாகிய சிறுபணிகளோடு, இகழ்வாரும் அச்சுறுத்துவாரும் இல்லாத இடத்தில் உறவினரோடு தங்கியிருத்தலே பயன் தந்தது என்பது அவர் முடிபு.

அங்ஙனமாயின் ஏர்வாடிக் கனவின் இயல்பு யாது? நோய் முறுகிய காலத்து உறக்கம் கெடும். நோய் தணியத் தணிய உறக்கம் மீளும். உறக்கம் மீள, வீடும் மக்களும் நினைவிற்கு வரும். விரும்பியது கனவாதல் சரகரும் கூறியதே. 'ஊர்க்குச் செல்க' என்னும் கனவு இவ்வாறு தணிந்தவனுக்கே பெரும்பாலும் வருதல் இயல்பு. எனவே அக்கனவு குணத்திற்குக் காரணமாகாதெனினும், குணத்தின் குறியாதல் கூடும். பழங்காலத்து, உறவினர் உடனிருந்து நோயாளியின் நிலை கண்டு, அவன் கூறும் கனவையும் கேட்டு அழைத்துச் சென்ற வரையில், இவ்வழக்கம் பெருந்தீங்கு விளைத்ததென்று சொல்லுதற்கில்லை.

கேடு விளைந்தது, உறவினர் இல்லாதபோதே. காலப்போக்கில் தனியார் பலர் தர்காவைச் சுற்றிக் காப்பகம் என்னும் பெயரால் ஓலைக் கொட்டகைகள் அமைத்தனர். உறவினர் பொருள் கொடுத்து நோயாளரை விட்டுச் சென்றனர். ஓடிப்போகாமைப் பொருட்டு அவர் காலிற் சங்கிலி பூட்டப்பட்டது. கனவு வரும்வரை சங்கிலி. கனவு வந்ததென்று கூறினும் அதனைக் கேட்டு அழைத்துச் செல்வார் யார்? பொறிபுலன் தடுமாறியவன் சொல்லை அவன் நனவில் ஒருவரும் நம்புவதில்லை. கனவிற் கண்டதை மட்டும் நம்புவரோ? மேலும், இன்றைய அறிவின்படி, மனநோய்களுட் சில மருந்தின்றித் தாமே தணிவன அல்ல. அவ்வகை நோயாளர்க்கு உறக்கமே அரிது, உத்தரவுக் கனவு எங்ஙனம் வரும்? ஒருவனுக்கு விடுதலை தரும் குறியாக இருந்தது மற்றொருவனுக்கு முடிவில்லாத பூட்டு ஆயிற்று.

அந்நாள் விடியற்காலையில் அக்கொட்டகை ஒன்றில் தீப்பற்றியபொழுது, உள்ளே நாற்பதுக்கு மேற்பட்டோர் இருந்தனர். கட்டவிழ்ந்திருந்தவர் சிலர் ஓடித் தப்பினர். பிணிப்புண்டிருந்தாருள் 25 பேர் அங்கேயே மாண்டனர். பின்னர் இறந்தாரையும் சேர்த்து 28 ஆயிற்று. பெண்டிரும் அவருள் உளர். செய்தித்தாள் கண்ட இந்திய உச்சநீதிமன்றம், ஒருவரும் முறையிடாமலே அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. சங்கிலியிற் கட்டுண்ட 25 பேரின் மரணம் என்பதே அவ்வழக்கின் பெயர். அத்திங்களிலேயே ஏர்வாடியிலிருந்த தனியார் காப்பகங்கள் மூடப்பட்டு, ஐந்நூற்றுக்கு மேற்பட்ட நோயாளர் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டனர். ஒவ்வொரு மாநிலத்தும் அரசு மனநல மருத்துவமனை ஒன்றேனும் இருத்தல் வேண்டும் என 2002-இல் நீதிமன்றம் பணித்தது. மனநோயாளரைப் பராமரிப்பதற்கு உரிமம் வேண்டும் என்னும் சட்டம் 1987-லேயே இயற்றப்பட்டிருந்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது; சட்டம் புத்தகத்தில் உறங்கிற்று. மனநோயாளரை எவ்வாற்றானும் சங்கிலியிற் பிணித்தலாகாது என்று வெளிப்படையாக விலக்கிய சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2018 மே திங்களில் நடைமுறைக்கு வந்தது.

இனிச் சித்தாந்த நோக்கில் இதனை ஆராயின், மூன்று பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருத்தல் காணலாம். சொப்பனாவத்தை ஆன்மாவின் கீழ்நோக்கிய செலவில் ஒரு படி. அதனை அடைவதும் மீள்வதும் ஆன்மாவின் வசத்தன அல்ல, திரோதான சத்தியால் நிகழ்வன. தன்வசம் இல்லாததொன்றை ஒருவனுக்கு நிபந்தனையாக விதித்தல் நீதியாகாது. மழை பெய்தாற் சோறிடுவேம் என்று பசித்தவனை நிறுத்துதல் போல்வது அது. இனி இறைவனே வலிந்து வந்து அருளும் கனவு உண்டெனின், அதுவும் அவன் திருவுள்ளத்தைப் பற்றியது. நாட்குறித்து எதிர்பார்த்தற்கு உரியதன்று. திலகவதியார் பன்னாள் வேண்டினார். கனவு வந்தபொழுது அது தம்பியாரைச் சூலை தந்து ஆட்கொள்வேம் என்று வந்தது. அதுவரையில் அவர் திருவதிகைக் கோயிலில் திருவலகும் மெழுக்கும் இடும் பணியை நிறுத்தவில்லை, தம்பியாரை யாரும் கட்டிவைக்கவும் இல்லை. எல்லாவற்றினும் பெரும்பிழை, கனவை நனவிற் சோதிக்கும் கடமையை மறந்தமை. பல்லவன் நின்றவூர்க்கு நடந்தான். நோயாளியை விட்டுச் சென்றவரோ மீண்டும் ஏர்வாடிக்கு நடக்கவில்லை.

சமயத்தைக் குறை கூறுதற்கு இச்செய்தியைக் கருவியாகக் கொள்வார் உளர். அவர் அறிய வேண்டுவது, தீப்பற்றியது தனியார் காப்பகத்திலே என்பதும், சங்கிலி பூட்டும் வழக்கம் ஒரு மதத்தார் இடத்தில் மட்டும் இருந்ததன்று என்பதும் ஆம். நம்பிக்கை முழுதும் ஒழிக என்பாரும், மருத்துவர் கோயிலுக்குள்ளும் தர்காவுக்குள்ளும் புகுதலாகாது என்பாரும் ஒரே தவற்றை இருவேறு திசையிற் செய்கின்றனர். பின்னாளில் ஏர்வாடியில் தர்காவை ஒட்டியே அரசு மனநல மருத்துவர் இருந்து நோயாளரைக் காணவும் மருந்து வழங்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. மருந்தும் வேண்டுதலும் என்னும் பொருள்பட, 'தவா', 'துஆ' என்னும் இரு சொற்களையும் சேர்த்து அதற்குப் பெயரிட்டனர். நோயாளி தர்காவில் வேண்டிக்கொள்ளலாம். மருத்துவர் தந்த மாத்திரையையும் உட்கொள்ளலாம். உத்தரவுக் கனவு வந்தால் அதனை உறவினர்க்கும் மருத்துவர்க்கும் சொல்லலாம். வாராதாயினும், குணமுற்றானென மருத்துவர் கண்டால் ஊர் திரும்பலாம்.